கண்ணாடியில் விழாதவர்

எங்கள் அருங்காட்சியகத்தைப் பெரிய இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்குள் உப்பளம் என்கிற பகுதியில் ஒரு பழைய மாடி வீடு. கீழே மூன்று அறைகள், மேலே இரண்டு. ஒரு அறக்கட்டளை அதை நடத்துகிறது. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகள், கண்ணாடி மணிகள், நாணயங்கள், கப்பலில் வந்த பீங்கான் தட்டுகள், பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போகும் பழைய புஷ்புஷ் வண்டி ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டுமரம். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வருவார்கள். மீதிப் பேரை நான் அழைத்துப் போய், ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்திப் பேசுவேன். என் பதவியின் பெயர் இதைவிட நீளமானது, ஆனால் வேலை இவ்வளவுதான். பேசுவதில் எனக்கு ஒரு நாளும் அலுப்பு வந்ததில்லை. கேட்டவர்களுக்கு வந்திருக்கலாம்.

அந்த வீட்டைக் காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தொடாத வயது. வீராம்பட்டினத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகு ஆடினால் வயிற்றைப் புரட்டும்.

“தண்ணிக்குள்ள முங்குனா ஒண்ணும் இல்ல மேடம், எவ்ளோ நேரம்னாலும் மூச்ச அடக்கிட்டுக் கெடப்பேன். மேல படகுல உக்காந்தாதான் கொடலே வெளிய வந்துரும்” என்பார்.

கடல்காரர் வீட்டுப் பிள்ளை மியூசியத்தில் கண்ணாடி துடைக்கிறான் என்று ஊரில் கேலி. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் போய்ச் சேரும்போது எல்லா அலமாரிகளின் கண்ணாடியையும் பழைய செய்தித்தாளால் துடைத்து முடித்திருப்பார். “வாங்க மேடம்” என்று காலையில் ஒன்று, “பூட்டிடலாமா மேடம்” என்று மாலையில் ஒன்று. பல வருடங்களாக எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் அதுதான்.

கொரோனா வந்தது, மூடினோம். கொஞ்ச நாள் வீட்டில் கிடந்தேன். பிறகு அறக்கட்டளையின் செயலாளர் போன் செய்தார். இனிமேல் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு நேரலையில் அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்ட வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்களாம், பிரான்சில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பார்ப்பார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது மணியையும் பானையையும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். ஊரடங்கில் வெளியே வர அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார். எனக்கு ஒன்று, வீட்டைத் திறந்து பூட்டுகிறவருக்கு ஒன்று. நான் பேச வேண்டும், அவர் அருங்காட்சியகத்தின் போனைப் பிடிக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை மானம் போயிற்று. எங்கள் பொருள்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை. அவர் துடைத்த துடைப்பில் ஒவ்வொரு கண்ணாடியிலும் அவருடைய கட்டம் போட்ட சட்டை, கையில் போன், பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரு எல்லாம் பளிச்சென்று விழுந்தன. மணிகளைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது. நான் மணிகள் எப்படி உருக்கி இழுக்கப்பட்டன என்று சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளைகள் “அங்கிள் ஹாய்” என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிடச் சொன்னார். அழித்தோம்.

அடுத்த வாரம் போன் பிடிக்கிறவர் ஒரு பையோடு வந்தார். பைக்குள் கறுப்புத் துணி. அவருடைய மனைவி சேதராப்பட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி மூடியிருந்தது, வீட்டில் மெஷின் இருந்தது. கண்ணாடியில் ஆள் விழுகிற கதையைக் கேட்டு, தலையிலிருந்து பாதம் வரைக்கும் மூடுகிற மாதிரி ஓர் அங்கி தைத்துக் கொடுத்திருந்தார். போனின் லென்ஸ் வருகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றிப் பிரியாமல் இருக்கத் தையல். கைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

“நல்ல துணியாச்சே, எங்க வாங்குனீங்க?” என்று கேட்டேன்.

“வாங்கல மேடம். மாலை போட்டா கட்டுவேன் இல்ல, அந்த வேட்டி. இந்த வருஷம் மலைக்கு எங்க போகப் போறோம்? வீட்ல வெட்ட மாட்டேன்னுச்சு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது, வெட்டுன்னு நான்தான் சொன்னேன்.”

அங்கியைப் போட்டுக்கொண்டு அலமாரி முன்னால் நின்றார். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. மணிகள் மட்டும் இருந்தன, சிவப்பும் நீலமுமாக, அவ்வளவு தெளிவாக நானே அவற்றைப் பார்த்ததில்லை. அவருக்கும் சந்தோஷம். அங்கிக்குள்ளிருந்து “நான் தெரியல இல்ல மேடம்?” என்று இரண்டு தடவை கேட்டார். தெரியவில்லை என்றேன்.

படம் சரியானதும் சத்தம் வந்து சேர்ந்தது. போனை அங்கிக்குள் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார், மேலே முகக்கவசம் வேறு. நான் ஆறடி தள்ளி நின்று பேசுகிறேன். போனுக்கு என் குரலைவிட அவருடைய மூச்சுதான் நன்றாகக் கேட்டது. நிகழ்ச்சி முழுக்க யாரோ மாடியேறிவிட்டு வந்து நிற்கிற மாதிரி ஒரு மூச்சு. பார்க்கிறவர்களுக்கு அங்கிக்குள் ஓர் ஆள் இருப்பது தெரியாது. நான்தான் மூச்சு விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். “மிஸ்க்கு வீசிங்கா?” என்று ஒரு பிள்ளை எழுதியது. ஒரு அம்மாள் எனக்குக் கஷாயம் சொன்னார்.

பிரான்சிலிருந்து ஒரு பெரியவர் தவறாமல் வருவார். இளவயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கள் ஊர் வழக்கில் சொல்தாவாகி, அங்கேயே தங்கிவிட்டவர். அவர் “போன்ழூர் அம்மா, இன்று உட்கார்ந்து பேசுங்கள், பொருள்கள் எங்கும் ஓடிவிடாது” என்று எழுதினார். அவருக்கு எங்கள் பொருள்கள்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்வார். ஆள் இல்லாத தெரு. ஒரு நாய், எதிர்வீட்டுச் சுவர், காக்கைச் சத்தம். அதைக் காட்டி முடித்தால் “மெர்சி” என்று நன்றி எழுதிவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமையிலிருந்து அவர் வரவில்லை. அங்கே அப்போது சாவு கூடுதலாக இருந்த நேரம். யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச வாரங்கள், யாரும் கேட்காமலேயே, போன் பிடிக்கிறவர் ஜன்னலைத் திறந்து காட்டினார். நான் சொல்லவில்லை, அவராகச் செய்தார்.

மூச்சுச் சத்தத்தைப் பற்றி என்னைவிட அவர்தான் அதிகம் வெட்கப்பட்டார். அலமாரிக்குப் பக்கத்தில் போய்ப் பொருளைக் காட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள ஆரம்பித்தார். நான் பேசி முடித்து, அடுத்த அலமாரிக்கு நகரும்போதுதான் விடுவார். நான் என்னவோ ஒரு மணிக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்துகிற ஆளா? சோழமண்டலக் கரையில் தொடங்கி ரோமாபுரி வரை போய்த்தான் திரும்புவேன். அதுவரை அங்கிக்குள் அசைவே இருக்காது. ஒரு நாள் பயந்துபோய் நேரலை முடிந்ததும் திட்டினேன்.

“செத்துத் தொலைஞ்சீங்கன்னா என்னத்துக்கு ஆவறது? மூச்சு விடுங்க, கேட்டா கேக்கட்டும்.”

“எனக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். நீங்க இன்னும் கொஞ்சம்கூடப் பேசலாம்” என்று சிரித்தார்.

அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். நேரலையை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பிறகு எல்லோரும் பார்ப்பதற்காக இணையத்தில் ஏற்றுகிறோமே, அதிலாவது தன் மூச்சை எடுத்துவிடலாமே என்றார். பக்கத்துத் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கிற கடை ஒன்று இருந்தது. கல்யாணமே நடக்காத காலம், கடைக்காரர் சும்மா இருந்தார். அவர் என் பேச்சு இருக்கிற இடங்களில் மூச்சை மங்கலாக்கினார். பேச்சு இல்லாத இடங்களில் சுத்தமாக அழித்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போடுகிற புல்லாங்குழலைப் போட்டார். அந்தப் புல்லாங்குழலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மூச்சுக்குச் சொந்தக்காரருக்குத் திருப்தி. இப்போது படத்திலும் இல்லை, சத்தத்திலும் இல்லை.

இடையில் கொஞ்ச மாதம் திறந்தோம். இரண்டாம் அலை வந்ததும் மறுபடி மூடினார்கள், மறுபடி சனிக்கிழமைகள் வந்தன. ஆணியில் தொங்கிய அங்கியை உதறிப் போட்டுக்கொண்டார். ஆனால் அந்தத் தடவை நடந்தது ஒரே ஒரு நிகழ்ச்சிதான். பீங்கான் தட்டுகள் இருக்கும் மேல் அறை. பாதியில் இருமினார். “தூசு மேடம்” என்றார். ஜன்னலைத் திறக்காமலேயே முடித்துக்கொண்டோம். அடுத்த சில நாளில் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றார்கள், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அதற்கடுத்த செய்தியை அவருடைய அண்ணன் போனில் சொன்னார். போய்ப் பார்க்கவும் முடியாது. வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீருக்குள் எவ்வளவு நேரமானாலும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன் என்று சொன்ன ஆள். எனக்கு அதை நினைத்து நினைத்துத்தான் அழுகை வந்தது.

ஊரடங்கு தளர்ந்து, இன்னும் பார்வையாளர்களை விடாத ஒரு நாளில் அவருடைய மனைவி வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. மெலிந்த பெண். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஒரு ஒதவி மேடம். அவரு தெரியற மாதிரி ஒரு வீடியோ இருந்தா குடுங்க.”

விஷயம் இதுதான். கணவருடைய போன் ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனது, திரும்பி வரவில்லை. அந்தக் களேபரத்தில் எங்கே விழுந்ததோ, யார் கண்டது. வீட்டில் எடுத்த படம் எல்லாம் அதில்தான் இருந்தன. பிள்ளைகள் இல்லை, அவர்கள் இரண்டு பேர்தான், படம் எடுப்பவர் எப்போதும் அவர். மனைவியின் போனில் மனைவியின் படம்தான் இருந்தது. உடலைப் பொட்டலம் மாதிரி சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், முகத்தைக் காட்டவில்லை.

“ஆதார் கார்டுல இருக்கறதப் பெருசு பண்ணி மாட்டியிருக்காங்க மேடம். அது அவரே இல்ல. யாரோ மாதிரி மொறைக்கிறாரு. கல்யாண போட்டோவுல ஒல்லியா மீசை இல்லாம, அது வேற ஆளு. எனக்கு அவரு நடக்கற மாதிரி, பேசற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும். வாரா வாரம் இங்க வீடியோ எடுத்தாரே, எதுலயாவது இருப்பாரு இல்ல?”

எனக்குத் தெரியும், எதிலும் இல்லை என்று. ஆனாலும் கணினியைப் போட்டேன். இணையத்தில் ஏற்றியிருந்தவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். நான் பேசுகிறேன், பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். மணி, பானை, தட்டு, நாணயம். இடையில் அந்தப் பாழாய்ப்போன புல்லாங்குழல். அந்தப் பெண் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், பொருள்களை விட்டுவிட்டுக் கண்ணாடியின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது தரை தெரியும். அப்போது காலாவது விழாதா என்று பார்த்தார். அங்கி பாதம் வரை வந்து அதையும் மறைத்திருந்தது.

“ஒரு எடத்துலகூட இல்லியே மேடம்.”

“நீ அங்கிய அவ்ளோ நல்லா தெச்சிருந்தேம்மா” என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தார். தரையிலேயே உட்கார்ந்தார். “நான்தான தெச்சேன். நான்தான அவர இல்லாம பண்ணிட்டேன். மாலை வேட்டிய வெட்டாதன்னு மனசு சொல்லுச்சு மேடம். வெட்டினேன். அதான் சாமி எடுத்துக்கிச்சு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யார் மேல் கோபம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. “ஊரே செத்துச்சு, எல்லாரும் வேட்டிய வெட்டினாங்களா?” என்று சத்தம் போட்டேன். நானும் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

அழுகை ஓய்ந்த பிறகு, புல்லாங்குழல் போடுவதற்கு முந்தைய பதிவுகள் அருங்காட்சியகத்தின் போனிலேயே கிடக்கின்றன என்று நினைவு வந்தது. அவற்றிலும் ஆள் இல்லைதான். அதைச் சொல்லிவிட்டே ஒன்றை ஓடவிட்டேன். என் குரல் தூரத்தில் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் மூச்சு.

அவர் அசையாமல் கேட்டார். அலமாரியை நெருங்கும்போது மூச்சு நின்றது. நான் மணிகளைப் பற்றிப் பேசினேன், பேசி முடித்தேன், போன் நகர்ந்தது, பெருமூச்சாக ஒன்று வெளியே வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த அலமாரியில் பார்க்கிறேன், அங்கே அவர் மூச்சை அடக்கும்போது இங்கே இவரும் அடக்கிக்கொண்டிருந்தார். அவர் விட்டபோதுதான் இவரும் விட்டார்.

“இப்படித்தான் மேடம் தூங்குவாரு. கடைசியில ஒரு சத்தம் வருது பாருங்க, அதுக்குத்தான் நான் தெனம் திட்டுவேன்.”

வரிசையாகக் கேட்டோம். கடைசிப் பதிவு, பீங்கான் தட்டு நிகழ்ச்சி, அதைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. அதில் மூச்சு வேறு மாதிரி இருந்தது. சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக. தட்டுகளுக்கு முன்னால் அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை, பாதியில் உடைகிறது. அன்றைக்கு ஆறடி தள்ளி நின்ற எனக்கு இது எதுவும் கேட்கவில்லை. தட்டில் வரைந்திருந்த நீலப் பறவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. “தூசு மேடம்” என்ற குரல் வந்தது. எல்லாப் பதிவுகளிலும் சேர்த்து அவர் பேசியிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான்.

“தூசு இல்ல” என்றார் அந்தப் பெண்.

போகும்போது கேட்டார். “இது வேணாம் மேடம். மூச்சு நல்லா இருக்கற நாளு எதுவோ, அத மட்டும் குடுங்க.”

கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். கம்பெனி திறந்துவிட்டது, வேலைக்குப் போவதாகச் சொன்னார். பிறகு நெடுநேரம் இழுத்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தெனம் அதப் போட்டுக் கேக்கறேன். உங்க பேச்சு மட்டும் இல்லாம குடுக்க முடியுமா?”

கல்யாண வீடியோக் கடைக்காரரிடம் போனேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. போன தடவை மூச்சை எடுத்துப் பேச்சை விட்டோம், இப்போது பேச்சை எடுத்து மூச்சை விடுங்கள் என்றேன். என் குரல் இருக்கிற இடத்தை எல்லாம் வெட்டி, மிச்சத்தை ஒட்டினார். நான் நீளமாகப் பேசுகிறவள், மிச்சம் கொஞ்சம்தான் கிடைத்தது. கடையில் ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டினார். ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்கு யாரோ போகிறார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. மணிகள் வருகின்றன, நாணயங்கள் வருகின்றன, கடைசியில் ஜன்னல் திறந்து ஆள் இல்லாத தெரு வருகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருவர் நின்று நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

“இதுக்குப் பின்னாடி மியூசிக் எதாவது போடட்டுமா மேடம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன்.